நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்: கடிப்பது ஒரே உண்ணி, வருவது பல நோய்

நாய் வளர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ‘டிக் ஃபீவர்’ பேச்சு வராமல் போகாது. எதிர்வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வந்தது, மூக்கில் ரத்தம் கொட்டிப் பத்தே நாளில் போய்விட்டது என்பார் ஒருவர். எங்கள் நாட்டு நாய்க்கும் அதேதான் வந்தது, மாத்திரை போட்டோம், மூன்றாம் நாள் எழுந்து பூனையைத் துரத்தியது என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டு நாய்க்கும் வந்தது ஒரே நோயாக இருந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உண்ணிக் காய்ச்சல் என்பது தனி ஒரு நோயின் பெயர் அல்ல. உண்ணி மூலமாக நாயின் உடம்புக்குள் போகக்கூடிய கிருமிகள் நான்கைந்து இருக்கின்றன. அவை எல்லாவற்றாலும் வரும் தொல்லைகளுக்கு நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். இவற்றில் சில பாக்டீரியா. சில, மலேரியாக் கிருமிக்குத் தூரத்து உறவான ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். ஒன்றை ஒழிக்கும் மருந்து இன்னொன்றைத் தொடக்கூடச் செய்யாது. அதனால் டாக்டர் ‘டிக் ஃபீவர்’ என்றதும் தலையாட்டிவிட்டு வராமல், “எந்தக் கிருமி சார்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மருந்து, செலவு, எத்தனை நாள் கவனிப்பு என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

வீட்டுக்குள் குடியிருக்கும் உண்ணி

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். தெள்ளுப்பூச்சி குதிக்கும். பேன் முடியோடு ஒட்டிக்கிடக்கும். உண்ணி குதிக்காது, பறக்காது. நிதானமாக நடந்து வந்து, தோலில் வாயைச் செருகி, நாள்கணக்கில் அங்கேயே தங்கிவிடும். பேச்சுவழக்கில் பூச்சி என்றாலும் அது பூச்சியினம் இல்லை. சிலந்தி, தேள் வகையறா. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்.

நம் ஊர் நாய்களின் காதில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. ரிப்பிசெபாலஸ் சாங்குவினியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மற்ற பல உண்ணிகளுக்குப் புல், புதர், ஈரம் எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு நாயும் சுவரில் ஒரு விரிசலும் போதும். ‘எங்கள் நாய் வெளியே போவதே இல்லை, மூன்றாவது மாடி ஃபிளாட்’ என்று சொல்கிற வீடுகளிலும் இது செழிப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான். மாடிப்படியில் படுக்கும் தெருநாயிடமிருந்தோ, ஊருக்குப் போனபோது நாயை விட்டுவைத்த இடத்திலிருந்தோ, வயிறு நிறைந்த ஒரே ஒரு பெண் உண்ணி வந்து சேர்ந்தாலும் போதும்.

அந்த ஒன்று என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். கண்ணுக்குச் சட்டென்று படாது. அது நாயின் மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். மறைவான இடத்தில் தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். மறுபடி ஒரு நாய், மறுபடி ரத்தம், மறுபடி தரை. அப்புறம் வளர்ந்த உண்ணியாகி மூன்றாவது முறை ஏறும். இந்த முறை பெண் உண்ணி ஒரு வாரம் போல ஒட்டிக்கொண்டு குடிக்கும். பழுப்பாக, தட்டையாக இருந்தது ஆமணக்கு முத்து மாதிரி உப்பிச் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு தானே கழன்று விழுந்து, ஊர்ந்து போய், ஏதாவது ஓர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். 4000 முட்டைவரை போவதுண்டு. வெப்பமும் ஈரப்பதமும் தோதாக அமைந்தால் இந்தச் சுற்று முழுக்க முடிய இரண்டு மூன்று மாதம் போதும். தோது இல்லையென்றால் பட்டினியாக மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

இந்த ஏறி இறங்கும் வாழ்க்கைதான் நோய் பரவ வழி. ஒரு நாயிடம் குஞ்சாக இருக்கும்போது ரத்தத்தோடு சேர்த்துக் குடித்த கிருமியை, தோலுரித்துப் பெரிதான பிறகு அடுத்த நாய்க்குக் கொடுத்துவிடுகிறது. பேபீசியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியில் சில வகைகள் இன்னும் ஒரு படி மேலே போய், தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போய்விடும். எர்லிக்கியா என்ற பாக்டீரியாவுக்கு அந்த வித்தை தெரியாது. ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் அதை ஒரு நாயிடமிருந்துதான் புதிதாகப் பெற வேண்டும். வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் உள்ளே கிருமி வைத்திருக்கும் நாய்கள் ஒரு தெருவுக்கு ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து புரியும்.

இன்னொன்று. பழுப்பு உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. தரையைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறவர்கள் கதவு நிலையின் மேல்பக்கம், ஸ்விட்ச் போர்டின் பின்புறம், காலண்டருக்குப் பின்னால், கூரை மூலை இங்கெல்லாம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தால் திகைத்துவிடுவார்கள்.

எர்லிக்கியா: ஆறியது போல ஏமாற்றும்

நம் ஊரில் டிக் ஃபீவர் என்றாலே பல டாக்டர்கள் மனதில் முதலில் நிற்பது எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாதான். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்களில் மோனோசைட் என்று ஒரு வகை உண்டு. எர்லிக்கியா அந்தக் காவல்காரனுக்குள்ளேயே குடியேறி அங்கேயே பெருகும். 1935இல் அல்ஜீரியாவில் டோனாட்டியன், லெஸ்டோகார் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள், உண்ணி மொய்த்திருந்த நாய்களிடம் இதை முதலில் கண்டார்கள். பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் நினைவாக இப்போதைய பெயர் பிறகு வந்தது. அதற்கப்புறம் வெகுகாலம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960களின் கடைசியில் வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள், பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுகள், மூக்கில் ரத்தம் வழிந்து நூற்றுக்கு மேல் செத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்றும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இந்த நோய் வந்தால் மற்ற ஜாதிகளைவிட மோசமாகப் போகும் வாய்ப்பு அதிகம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன எதிர்வீட்டு நாயின் கதைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடி பட்டு ஒன்று முதல் மூன்று வாரத்தில் முதல் கட்டம் ஆரம்பிக்கும். காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுவது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறையும். தட்டணு என்பது நாம் டெங்கு காலத்தில் பேசிப் பழகிய அதே பிளேட்லெட்தான். ரத்தம் உறைய அது வேண்டும். குறைந்தால் வயிற்றுத் தோலிலும் ஈறிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம், மூக்கில் ரத்தம் வரலாம்.

விஷயம் இனிமேல்தான். இந்தக் கட்டத்தில் சிகிச்சையே செய்யாவிட்டாலும் பல நாய்கள் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிட்டது போல இருக்கும். சாப்பிடும், விளையாடும். வீட்டில் நிம்மதி. ஆனால் கிருமி மண்ணீரலில் பதுங்கியிருக்கும். இந்த இரண்டாம் கட்டம் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட நீடிக்கலாம். சில நாய்கள் தாமாகவே கிருமியை முற்றிலும் ஒழித்துவிடும். சில, எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிருமியோடேயே வாழ்ந்துவிடும். மிச்சம் சில மூன்றாம் கட்டத்துக்குப் போகும். அங்கே எலும்பு மஜ்ஜையே வேலை நிறுத்தம் செய்துவிடும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் உற்பத்தியாவதில்லை. உடம்பு இளைக்கும், ஈறு வெளுக்கும், கண்ணில் நீலம் பாய்ந்தது போல மங்கும், சில நாய்களுக்குப் பார்வையே போகும். இந்தக் கட்டத்தில் மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியாமல் போகிற நாய்கள் உண்டு. முதல் கட்டத்தில் ஒரு மாத மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய நோய் இது.

எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தால் கிருமி ஏறும் என்று கேட்பார்கள். எர்லிக்கியாவைப் பொறுத்தவரை உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கலாம். ‘ராத்திரி பார்த்து எடுத்துவிடுகிறேன், அதனால் ஒன்றும் ஆகாது’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

பேபீசியா: மதராஸில் பிடிபட்ட கிருமி

அடுத்தது பேபீசியா. இது சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கிருமி நேரடியாக உடைப்பது ஒரு பக்கம். கிருமி பட்ட அணு என்று நாயின் எதிர்ப்புச் சக்தியே தன் சிவப்பணுக்களை அழித்துத் தள்ளுவது இன்னொரு பக்கம். முடிவு ரத்தசோகை. உடைந்த அணுக்களின் சாயம் சிறுநீரில் இறங்கினால் அது டிகாஷன் நிறத்தில் வரும். கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகலாம்.

நம் நாய்களிடம் முக்கியமாக இரண்டு வகை. பேபீசியா வோகெலி கொஞ்சம் பெரியது. வளர்ந்த நாய்களுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போகும், குட்டிகளுக்கு ஆபத்து. பேபீசியா கிப்சோனி உருவத்தில் சிறியது, தொல்லையில் பெரியது. இந்தச் சின்னதுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1910இல் பேட்டன் என்ற மருத்துவ அதிகாரி இதை முதன்முதலில் விவரித்தது மதராஸில்தான். வெள்ளைக்காரர்களின் ‘மதராஸ் ஹன்ட்’ என்ற வேட்டைச் சங்கத்து நாய்களின் ரத்தத்தில் பார்த்தார். பிறகு அவை துரத்திய நரிகளின் ரத்தத்திலும் அதே கிருமி இருந்தது. இன்று ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை பேசப்படும் ஒரு நாய்க் கிருமியின் முதல் விலாசம் நம் ஊர்.

கிப்சோனிக்கு உண்ணி மட்டும்தான் வழி என்று இல்லை. நாய்ச் சண்டையில் கடிபட்டு ரத்தம் கலந்தால் பரவும். தாயிடமிருந்து வயிற்றுக் குட்டிக்குப் போகும். சோதிக்காமல் ஏற்றிய ரத்தம் மூலமாகவும் வரும்.

மற்ற இரண்டு, சுருக்கமாக

ஹெபடோசூன் கேனிஸ் கொஞ்சம் வினோதமானது. 1905இல் இந்தியாவில்தான் இதுவும் முதலில் விவரிக்கப்பட்டது. உண்ணி கடித்தால் இது வராது. உண்ணியை நாய் விழுங்கினால்தான் வரும். அரிக்கிறது என்று நாய் தன் காலைக் கடித்துக் கொண்டிருக்கும்போது ஓர் உண்ணி வாய்க்குள் போனால் சரி, வேலை முடிந்தது. பெரும்பாலும் லேசாகவே இருக்கும். வேறு நோயோடு சேர்ந்தால் படுத்தும்.

அனாபிளாஸ்மா பிளாட்டிஸ் தட்டணுக்களுக்குள்ளேயே புகும் பாக்டீரியா. பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை தட்டணுக்கள் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கும். ஆகவே ‘போன வாரம் கவுண்ட் குறைவு, இந்த வாரம் தானாகவே சரியாகிவிட்டது’ என்று சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரே உண்ணி இரண்டு மூன்று கிருமிகளைச் சேர்த்தே கொடுக்கவும் கூடும். எர்லிக்கியாவுக்கு மருந்து கொடுத்தும் நாய் தேறவில்லை என்றால் பின்னால் பேபீசியா நிற்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பது அதனால்தான்.

இணையத்தில் தேடினால் லைம் நோய் பற்றித்தான் முதலில் நிறைய வரும். அது இக்சோடஸ் என்ற வேறு வகை உண்ணி பரப்புவது; அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய தலைவலி. நம் சமவெளி வீடுகளில் நாய்க்குக் காய்ச்சல் என்றால் அதை முதலில் நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

வீட்டில் பார்க்கக்கூடியவை

கால்நடை மருத்துவமனைகளில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

“எத்தனை நாளா சாப்பிடலம்மா?”

“முந்தாநாள்லேருந்து சார். தண்ணி மட்டும் குடிக்கிறான்.”

“உண்ணி இருந்துச்சா?”

“சேச்சே, அதெல்லாம் இல்ல சார். போன மாசம் நாலஞ்சு இருந்துச்சு, அப்பவே எடுத்துப் போட்டுட்டேன்.”

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. கடி பட்ட நாளுக்கும் காய்ச்சல் தெரியும் நாளுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி உண்டு. இன்றைக்கு உடம்பில் உண்ணி இல்லை என்பதால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது. குஞ்சு உண்ணி கடித்திருந்தால் கண்ணில் பட்டே இருக்காது.

நாய் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பது பெரிய விஷயம் அல்ல, வெயில் காலத்தில் சகஜம். முழுசாக ஒரு நாள் தாண்டியும் பிடித்த கறியைக் கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் கவனிக்க வேண்டும். மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகம். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நமக்கு 102 காய்ச்சல், அதற்கு இல்லை. 103ஐத் தாண்டினால் காய்ச்சல்தான்.

தெர்மாமீட்டரைவிட முக்கியமானது ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கும். கருத்த ஈறு உள்ள நாய் என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். நாய் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் வெளுத்திருக்கிறதா என்று அன்றைக்குத் தெரியாது. ஈறு வெள்ளையாக, அல்லது மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

அதுவரை நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து வைப்போம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும். தட்டணு குறைந்திருக்கும் நாய்க்கு அதனால் உள்ளே ரத்தக் கசிவு ஏற்படலாம். பாராசிட்டமாலும் அளவு தவறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

ரத்தம் என்ன சொல்லும்

அறிகுறியை மட்டும் வைத்து எந்தக் கிருமி என்று அடித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. எல்லாமே காய்ச்சலில் ஆரம்பித்துச் சோர்வில் முடிகிறவை. ரத்தம் பார்த்தாக வேண்டும்.

முன்னங்காலில் நரம்பு பிடித்து எடுக்கும் ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை பார்ப்பார்கள். நாய்க்குத் தட்டணு ஏறக்குறைய 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்க வேண்டும். எர்லிக்கியாவில் அது சில ஆயிரங்களுக்குக் கூட இறங்குவதுண்டு. இதைத் தவிர இன்னொரு சின்ன வேலையும் நடக்கும். காது மடலின் ஓரத்தில் முடியை விலக்கி, ஸ்பிரிட் தடவி, ஊசி முனையால் ஒரு குத்து. வரும் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லின் ஒரு முனையில் வாங்கி, இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் மெல்லிய படலமாகத் தேய்ப்பார்கள். காய்ந்ததும் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பேபீசியா இருந்தால் இளஞ்சிவப்பு வட்டங்களான சிவப்பணுக்களுக்குள் ஊதா நிறத்தில் புள்ளியோ மோதிரமோ தெரியும். வோகெலி என்றால் பேரிக்காய் வடிவத்தில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். காது நுனியை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், கிருமி புகுந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அதிகம் சிக்கிக் கிடக்கும் என்பதால்தான். மலிவான சோதனை, பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். கிருமி தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தம் ஆகாது. எர்லிக்கியா ஸ்லைடில் அகப்படுவது அபூர்வம்.

பத்து நிமிடத்தில் கோடு காட்டும் கிட்டுகள் பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. நோய் குணமான பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். ஆகவே போன வருடம் வந்து குணமான நாய்க்கு இன்றைக்குக் கிட்டில் பாசிட்டிவ் வரலாம், அதற்காக மறுபடி மருந்து தேவை என்று அல்ல. இதற்கு எதிர்த்தட்டும் உண்டு: நோய் வந்த முதல் சில நாளில் எதிர்ப்பொருள் உருவாகியே இருக்காது, கிட் நெகட்டிவ் காட்டும். கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனைதான் எந்தக் கிருமி, எந்த வகை என்று பிரித்துச் சொல்லும். செலவு கூடுதல், எல்லா ஊரிலும் கிடைக்காது.

மருந்து: தேறியதும் நிறுத்தக் கூடாதது

எர்லிக்கியாவுக்கும் அனாபிளாஸ்மாவுக்கும் டாக்சிசைக்ளின். பழைய, மலிவான, நல்ல மருந்து. எர்லிக்கியாவுக்கு வழக்கமாக 28 நாள். ஆரம்பக் கட்டத்தில் கொடுத்தால் ஓரிரண்டு நாளிலேயே நாய் எழுந்து உட்காரும். அதுதான் இதில் உள்ள வம்பு. பத்தாம் நாள் நாய் துள்ளி ஓடும்போது மீதி மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. மேலே சொன்ன பதுங்கும் கட்டத்துக்குக் கிருமியை நாமே அனுப்பி வைப்பது மாதிரிதான் அது. 28 என்றால் 28. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், தொண்டைக் குழாயில் சிக்கினால் புண்ணாகும், சோற்றோடு கொடுங்கள். பால், தயிர் மருந்தை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பதால் தயிர்ச்சோற்றுக்குள் ஒளித்து வைப்பதைத் தவிர்க்கலாம். எடைக்கு ஏற்ற அளவைச் சொல்ல வேண்டியது டாக்டர். பக்கத்து வீட்டு நாயின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குகிற வேலை வேண்டாம்.

டாக்சிசைக்ளின் மட்டும் பேபீசியாவைத் தீர்க்காது. வோகெலிக்கு இமிடோகார்ப் என்ற ஊசி, வழக்கமாக 14 நாள் இடைவெளியில் இரண்டு. போட்ட கொஞ்ச நேரத்துக்கு எச்சில் ஒழுகுவதும் வாந்தியும் இருக்கும். அதைக் குறைக்க முன்கூட்டியே இன்னொரு ஊசி போடுவதுண்டு. கிப்சோனி இந்த ஊசிக்கு லேசில் மசியாது. அதற்கு அட்டோவாக்வோன், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துப் பத்து நாள் கொடுப்பது ஒரு முறை. கிளின்டாமைசினோடு வேறு மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறைகளும் நம் ஊரில் நடைமுறையில் உண்டு. எதைக் கொடுத்தாலும் கிப்சோனி முழுசாக ஒழியாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருப்பது சகஜம், பிறகு தலைகாட்டவும் செய்யும். இந்த இரண்டு பேபீசியாவில் எது என்று டாக்டரிடம் பிரித்துக் கேட்க வேண்டியது இதற்காகத்தான். ‘பேபீசியா’ என்று மட்டும் சொன்னால் பாதிப் பதில்.

ரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டால் இன்னொரு நாயின் ரத்தத்தை ஏற்ற வேண்டிவரும். நாய்களுக்கும் ரத்த வகை உண்டு, கொடுக்கும் நாய்க்கும் மேலே சொன்ன கிருமிகள் இல்லை என்று பார்க்க வேண்டும். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கென ரத்த வங்கி இருக்கிறது.

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காத ஆள் இல்லை. அது கிருமியைக் கொல்லாது. கிருமி ஒழிந்தால் தட்டணு தானாக ஏறும். டாக்டர் ஒப்புக்கொண்டால் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துக்கொள்ளுங்கள், மருந்துக்குப் பதிலாக அல்ல. சாப்பிடாத நாயின் வாயைப் பிளந்து கசப்புச் சாற்றை ஊற்றி அதை இன்னும் வதைப்பது எனக்கு உடன்பாடில்லை.

மருந்து முடிந்த பிறகு ஒருமுறை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும். ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்ற பாதுகாப்பும் இந்த நோய்களில் கிடையாது. அடுத்த உண்ணி கடித்தால் அடுத்த முறையும் வரும். நம் ஊரில் இதற்குத் தடுப்பூசியும் இல்லை.

உண்ணியை எடுப்பதும் வராமல் தடுப்பதும்

ஒட்டியிருக்கும் உண்ணியை நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். திருகக் கூடாது, வயிற்றைப் பிடித்து நசுக்கக் கூடாது. தேடும்போது காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வால் அடி ஆகிய இடங்களை விடாதீர்கள். எடுத்ததைத் தரையில் போட்டுச் செருப்பால் தேய்ப்பது பழக்கம். அதைவிட ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட பாட்டிலில் போடுவது மேல். மண்ணெண்ணெய் தடவுவதை இன்னும் பல ஊர்களில் பார்க்கலாம். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் நுரையீரல் வரை கெடும். வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும் என்றாலும் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இன்று கைவசம் உள்ள வலுவான ஆயுதம் மாத்திரைகள்தான். ஃபுளூரலானர், அஃபோக்சோலானர், சரோலானர் என்பவை ஒரே குடும்பம். சிலவற்றை மாதம் ஒருமுறை, சிலவற்றை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். ரத்தத்தில் மருந்து இருப்பதால் கடித்த உண்ணி செத்துவிடும். கடித்த பிறகுதான் சாகும் என்பதைக் கவனியுங்கள். எர்லிக்கியா மாதிரி வேகமாக ஏறும் கிருமிக்கு அது சின்ன ஓட்டை. அதனால் உண்ணி அதிகமுள்ள இடங்களில், உண்ணியை ஒட்டவே விடாமல் விரட்டும் டெல்டாமெத்ரின் அல்லது ஃபுளூமெத்ரின் கழுத்துப் பட்டையையும் டாக்டரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். வலிப்பு வந்த நாய் என்றால் மாத்திரை கேட்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். நாய்க்கு ஊற்றும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம், வீட்டில் இரண்டும் இருந்தால் ஜாக்கிரதை. கோலி போன்ற சில ஜாதி நாய்களுக்கு ஐவர்மெக்டின் ஊசி ஆபத்து. உண்ணிக்கு அந்த ஊசியே நம் ஊரில் சர்வ சாதாரணமாகப் போடப்படுகிறது என்பதால் இதைச் சொல்கிறேன்.

நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் இடுக்கில் இருக்கும் முட்டைகள் அடுத்த படையை அனுப்பும். படுக்கைத் துணியைக் கொதிநீரில் நனைப்பது, விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைப்பது, கூண்டையும் சுவரையும் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் உதவும். பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால் ஒருமுறையோடு நிறுத்தாமல், பொரிந்து வரும் குஞ்சுகளையும் பிடிக்கும்படி சில வாரம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். அடித்து நன்றாகக் காயும்வரை நாய் அந்தப் பக்கம் போகக் கூடாது. மாத்திரையை விடாமல் சில மாதம் கொடுத்தால் நாயே ஒரு பொறியாகிவிடும். ஏறுகிற ஒவ்வோர் உண்ணியும் முட்டையிடாமல் செத்து, வீட்டில் உள்ள கூட்டம் கரையும்.

நமக்கு வருமா?

செய்தித்தாளில் ‘உண்ணிக் காய்ச்சலால் ஒருவர் பலி’ என்று படித்துவிட்டு நாயைத் தெருவில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்திகளில் வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது புதர்களில் வாழும் வேறொரு நுண்ணிய சிற்றுயிரின் குஞ்சு. நாயின் காதில் இருக்கும் உண்ணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாயைத் தடவுவதாலோ அது நக்குவதாலோ நாயின் எர்லிக்கியாவும் பேபீசியாவும் நமக்கு ஒட்டிக்கொள்வதில்லை.

அதற்காக உண்ணியை வெறும் கையால் நசுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பழுப்பு நாய் உண்ணி சில நேரம் மனிதரையும் கடிக்கும். ‘இந்தியன் டிக் டைஃபஸ்’ என்ற புள்ளிக் காய்ச்சலின் கிருமியை அது சுமக்கக் கூடும். உண்ணி எடுக்கும்போது கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உண்ணி நிறைய இருந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு உடம்பில் தடிப்பும் வந்தால், டாக்டரிடம் போகும்போது வீட்டில் நாய் இருப்பதையும் உண்ணி இருந்ததையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.